எழுத்து முடிந்தால் மணமானவர்தான்: பச்சை அட்டை லொத்தருக்குப் பதியும் முன் கவனிக்க வேண்டியவை

வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருப்பதைச் சுருக்கித் தருகிறேன். பெற்றோர் மண்டபம் அகதி முகாமில் இருந்த காலத்தில், 1996இல், தமிழ்நாட்டில் பிறந்தவர். சமாதான காலத்தில், 2003இல், குடும்பத்தோடு நாடு திரும்பினார். உயர்தரம் சித்தியடைந்து ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறார். கணவர் வவுனியாவில் பிறந்தவர். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திக் கட்டாரில் நான்கு வருடம் குளிரூட்டி திருத்தும் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறார். இருவருக்கும் எழுத்து, அதாவது விவாகப் பதிவு, முடிந்துவிட்டது. தாலி கட்டு தை மாதத்தில். அமெரிக்கப் பச்சை அட்டை லொத்தருக்குப் பதிந்து தருவதற்கு ஒரு கடை ஆளுக்கு 25,000 ரூபாய் கேட்கிறது. "கலியாணம் இன்னும் நடக்கவில்லைதானே, இருவரும் தனித்தனியே போடுங்கள், மணமாகாதவர் என்றே போடுங்கள். பிறந்த நாடு இலங்கை என்று போடுங்கள். விழுந்த பிறகு எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளலாம்" என்பது கடைக்காரரின் ஆலோசனை. அப்படிச் செய்யலாமா, மொத்தமாக எவ்வளவு செலவாகும், அலுவலகத்தில் எப்போது சொல்வது என்று தங்கச்சி கேட்கிறார்.

செய்ய வேண்டாம். அந்தக் கடையில் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். நான் கொழும்பில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருப்பவன். பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களை ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பது என் அன்றாட வேலை. லொத்தர் விழுந்தவர்களின் கோப்புகள் அடிக்கடி என் மேசைக்கு வரும். விழுந்தும் போக முடியாமற் போனவர்களின் கோப்புகளில் பெரும்பாலும் ஒரே கோளாறுதான்: பதிந்த நாளில் எழுதிய பொய். அதுவும் தேவையே இல்லாத பொய். உங்கள் விடயத்தில் உண்மையைச் சொல்வதுதான் இலாபமும்கூட. எப்படி என்று விளக்குகிறேன்.

இந்தத் திட்டத்தின் பெயர் பல்வகைமைக் குடிவரவு வீசா. 1990ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் பிறந்தது. 1995 நிதியாண்டில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவுக்கு அதிகம் பேர் குடியேறாத நாடுகளிலிருந்து ஆட்களை எடுப்பதே நோக்கம். முந்தைய ஐந்து ஆண்டுகளில் 50,000க்கு மேற்பட்டோர் குடியேறிய நாடுகள் பட்டியலிலிருந்து விலக்கப்படும். அதனால் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகியவை வெளியே இருக்கின்றன. இலங்கையும் நேபாளமும் உள்ளே இருக்கின்றன. சட்டம் சொல்லும் எண்ணிக்கை ஆண்டுக்கு 55,000 வீசா. அதில் சில ஆயிரம் வேறு சட்டங்களின்கீழ் கழியும். எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு வீதத்துக்கு மேல் கொடுக்க மாட்டார்கள்.

இதில் ஒருவர் எந்த நாட்டவர் என்பதைக் கடவுச்சீட்டு தீர்மானிப்பதில்லை. பிறந்த இடம்தான் தீர்மானிக்கிறது. நம்மவர்கள் தடுக்கி விழும் முதலாவது இடம் இது. உங்களிடம் இலங்கைக் கடவுச்சீட்டு இருக்கிறது, பிள்ளைப் பருவத்துக்குப் பின் வாழ்க்கையெல்லாம் இங்கேதான். ஆனாலும் லொத்தரின் கண்ணுக்கு நீங்கள் இந்தியாவில் பிறந்தவர். தனியாக நின்றால் நேரடித் தகுதி இல்லை.

இதற்கு விதியிலேயே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பெற்றோர் வழி: நீங்கள் பிறந்தபோது தாயோ தந்தையோ அந்த நாட்டில் பிறந்தவராகவோ சட்டப்படி அங்கே வதிபவராகவோ இருந்திருக்கக் கூடாது, அப்படியென்றால் பெற்றோர் பிறந்த நாட்டை உரிமை கோரலாம். முகாமில் இருந்த அகதிகள் 'சட்டப்படி வதிந்தவர்கள்' ஆவார்களா என்பதை நேர்காணல் அதிகாரியிடம் வாதாட வேண்டியிருக்கும். உங்கள் பெற்றோரின் முகாம் அட்டை, திரும்பி வந்த பதிவுகள் எல்லாம் கையில் இருந்தால் வாதாடலாம். இருந்தாலும் அது உங்களுக்குத் தேவையில்லை, ஏனென்றால் மற்ற வழி நேரானது. வாழ்க்கைத்துணை தகுதியான நாட்டில் பிறந்திருந்தால் அவருடைய நாட்டை நீங்கள் உரிமை கோரலாம். நிபந்தனைகள்: பதிவில் இருவர் பெயரும் இருக்க வேண்டும், இருவருக்கும் வீசா கிடைக்க வேண்டும், இருவரும் ஒன்றாகவே அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும்.

இப்போது கணவரின் பக்கத்தைப் பார்ப்போம். அவருக்குப் பிறந்த இடத்தில் பிரச்சினை இல்லை, படிப்பில் இருக்கிறது. முதன்மை விண்ணப்பதாரர் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக் கல்வியை முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், குறைந்தது இரண்டு வருடப் பயிற்சி தேவைப்படும் தொழில் ஒன்றில் கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு வருட அனுபவம் இருக்க வேண்டும். சாதாரண தரம் பதினோராம் ஆண்டோடு முடிகிறது. தொழில் வழியில் போகலாம் என்றால், எந்தத் தொழில் கணக்கில் வரும் என்பதை அமெரிக்கத் தொழில் திணைக்களத்தின் தரவுத்தளம்தான் தீர்மானிக்கிறது. அதில் தொழில்கள் ஐந்து வலயங்களாக வகுக்கப்பட்டிருக்கின்றன. நான்காம், ஐந்தாம் வலயத் தொழில்களே லொத்தருக்குச் செல்லுபடியாகும். குளிரூட்டி திருத்துநரும் மின்னிணைப்பாளரும் மூன்றாம் வலயத்தில் இருக்கிறார்கள். கையில் எவ்வளவு தொழில் இருந்தாலும், கட்டாரில் எத்தனை பெரிய கட்டடத்தில் வேலை செய்திருந்தாலும், இந்தப் பட்டியலை அது அசைக்காது. நியாயமா என்றால் நியாயமில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் விதி அதுதான்.

அவரிடம் பிறந்த இடம் இருக்கிறது, உயர்தரம் இல்லை. உங்களிடம் உயர்தரம் இருக்கிறது, பிறந்த இடம் இல்லை. கல்வித் தகுதி முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டும்தான். அவரோடு செல்லும் துணைக்குத் தேவையில்லை. ஆகவே நீங்கள் முதன்மை விண்ணப்பதாரராகப் பதிந்து, மணமானவர் என்று குறித்து, கணவர் பெயரைச் சேர்த்து, பிறந்த நாடு இந்தியா என்று உள்ளபடி எழுதி, தகுதி கோரும் நாடு இலங்கை என்று தெரிவு செய்தால் எல்லாம் பொருந்துகிறது. படிவத்தில் பிறந்த நாட்டுக்கு ஒரு கேள்வியும், 'பிறந்த நாட்டின் அடிப்படையில்தான் தகுதி கோருகிறீர்களா' என்று இன்னொரு கேள்வியும் தனித்தனியே வரும். இரண்டாவதற்கு 'இல்லை' என்பது உங்கள் பதில். கடைக்காரர் மறைக்கச் சொல்லும் அந்த எழுத்துத்தான் உங்களுக்குக் கதவைத் திறக்கிறது!

எழுத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வழக்கில் எழுத்து ஒரு நாள், தாலி கட்டு வேறொரு நாள். இடையில் ஆறு மாதமும் போகும், ஒரு வருடமும் போகும். அந்த இடைக்காலத்தில் பெண் பெற்றோர் வீட்டில்தான் இருப்பார், ஊராரும் 'இன்னும் கலியாணம் ஆகவில்லை' என்றுதான் பேசுவார்கள். சட்டத்துக்கு இந்தப் பேச்சு தெரியாது. விவாகப் பதிவாளர் முன் கையெழுத்திட்ட நாளே திருமண நாள். (பதிவாளரிடம் அறிவித்தல் மட்டும் கொடுத்திருந்தால் அது திருமணம் ஆகாது; அதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) நான் மொழிபெயர்த்த ஒரு விவாகச் சான்றிதழில் பதிவுத் திகதி ஓகஸ்ட். அந்த இளைஞர் அதே ஆண்டு ஒக்டோபரில் மணமாகாதவர் என்று லொத்தருக்குப் பதிந்திருந்தார். கோவில் கலியாணம் அடுத்த வைகாசியில். நேர்காணலில் அதிகாரி இரண்டு திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததோடு கதை முடிந்தது. மனைவிக்கு மட்டுமல்ல, அவருக்கும் வீசா இல்லை. பதியும் நாளில் துணையோ, இருபத்தொரு வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளையோ இருந்து பெயர் விடுபட்டால் முழு விண்ணப்பமும் தள்ளுபடியாகும். அவர்கள் கூட வர விரும்பாவிட்டாலும், முந்தைய மணத்துப் பிள்ளை வேறு வீட்டில் வளர்ந்தாலும் பெயர் இருந்தே ஆக வேண்டும். துணையோ பிள்ளையோ ஏற்கெனவே அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்றிருந்தால் மட்டும் விதி வேறு. பதிந்த பிறகு பிறக்கும் பிள்ளையை அடுத்த கட்டப் படிவத்தில் சேர்க்கலாம். தெரிந்தே பொய்யான விபரம் கொடுத்தது உறுதியானால், அது லொத்தரோடு நின்றுவிடாது. பிற்காலத்தில் எந்த அமெரிக்க வீசாவுக்கும் நிரந்தரத் தடையாக வந்து நிற்கலாம்.

கடைக்காரரின் ஆலோசனையில் "இருவரும் தனித்தனியே போடுங்கள்" என்ற பகுதி மட்டும் பொதுவாகச் சரி. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பதிவு செய்யலாம். ஒவ்வொன்றிலும் மற்றவரின் பெயர் இருக்க வேண்டும். அதிர்ஷ்டம் இரட்டிப்பாகும். உங்கள் கணவர் முதன்மை விண்ணப்பதாரராக விழுந்தால் கல்வித் தகுதியில் நிற்க முடியாது என்பதால், அவருடைய பதிவு உங்களுக்கு வீண். ஒரே ஆள் இரண்டு தடவை பதிந்தால் இரண்டும் தள்ளுபடி. கடைக்காரர் ஒன்று, அமெரிக்காவில் இருக்கும் மாமா ஒன்று என்று உங்கள் பெயரில் இரண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாசத்தினால் இப்படிக் கெட்டுப்போனவர்களும் உண்டு.

படிவம் கடினமானது அல்ல. அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்தில், 'டொட் கவ்' என்று முடியும் முகவரியில் மட்டும் நிரப்ப வேண்டும். பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர், நாடு, முகவரி, மின்னஞ்சல், கல்வி, மணநிலை, துணை, பிள்ளைகள்; அவ்வளவுதான். பாதியில் சேமித்து வைக்க முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நீண்ட காலம் இந்தப் பதிவு இலவசமாகவே இருந்தது. 2025 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி ஒரு டொலர் கட்டணம் வைத்தது. ஒரு டொலர் வேலைக்குத்தான் 25,000 ரூபாய் கேட்கிறார்கள்.

பணத்தைவிட மோசமானது, பதிவு முடிந்ததும் திரையில் வரும் உறுதிப்படுத்தல் எண்ணைக் கடைக்காரர் தன்னிடமே வைத்துக்கொள்வது. மின்னஞ்சலும் அவருடையதாகவே இருக்கும். விழுந்தால் அந்த எண்ணைத் தர இலட்சக்கணக்கில் கேட்பார்கள். இன்னும் துணிந்தவர்கள், முன்பின் தெரியாத ஒருவரைத் துணையாகச் சேர்த்துக்கொண்டு போகச் சொல்வார்கள். கணினி பழக்கமில்லாதவர் யாரையாவது தட்டச்சுச் செய்யச் சொல்வதில் தவறில்லை. ஆனால் மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும், உறுதிப்படுத்தல் பக்கத்தைப் படம் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். எண் தொலைந்தால் மீட்டெடுக்க அதே இணையத்தளத்தில் வசதி உண்டு. அதற்கும் பதிந்த மின்னஞ்சல் முகவரி தெரிந்திருக்க வேண்டும்.

படத்தில் நம் ஸ்டூடியோக்கள் செய்யும் உபகாரம்தான் உபத்திரவம். சதுரப் படம், குறைந்தது 600க்கு 600 பிக்சல், 240 கிலோபைட்டுக்கு மேற்படாமல், ஆறு மாதத்துக்குள் எடுத்தது, வெளிர் பின்னணி, மூக்குக்கண்ணாடி இல்லாமல். 'முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுகிறேன்' என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாற்றம் செய்த படம் விண்ணப்பத்தைத் தள்ளுபடியாக்கும். போன வருடம் போட்ட படத்தையே மறுபடி போட்டாலும் அப்படித்தான். கணவரின் படமும் அதே அளவில் வேண்டும்.

பெயர்தான் எங்கள் ஆட்களின் தீராத தலையிடி. உங்கள் பிறப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டில் வழங்கப்பட்டது. அதில் தந்தை பெயர் ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கக்கூடும். இலங்கை அடையாள அட்டையில் அது முழுப்பெயராக இருக்கும், கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்குள் போயிருக்கும், உயர்தரச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். லொத்தர் படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, குடும்பப் பெயர் எது மற்றப் பெயர் எது என்ற பிரிப்பும் மாறாமல் எழுதுங்கள். மற்ற ஆவணங்களில் உள்ள வித்தியாசம் தானாகத் தள்ளுபடிக்குக் காரணமாகாது. இருவரும் ஒருவரே என்று காட்ட ஒரு சத்தியக்கடதாசியும் பழைய பள்ளிப் பதிவுகளும் பெரும்பாலும் போதும். ஆனால் அந்த வேலையை நேர்காணல் திகதி வந்த பிறகு தொடங்காதீர்கள். முகாமில் பிறந்த பலருக்குத் தாயின் பெயரே பிழையாகப் பதிவாகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைத் திருத்த இராமநாதபுரம் வரை ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.

கடவுச்சீட்டு இருவருக்கும் இப்போதே இருக்க வேண்டும் என்பேன். 2019இல் பதிவுக்கே கடவுச்சீட்டு எண் கட்டாயம் என்று விதி வந்தது. 2022இல் அமெரிக்க நீதிமன்றம் அதை நீக்கியது. 2025இல் அதை மீண்டும் கொண்டுவர அரசு முன்மொழிந்தது. 2024இல் கடவுச்சீட்டுப் புத்தகத் தட்டுப்பாட்டால் பத்தரமுல்லையில் விடிய விடிய வரிசை நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். பதிவு திறக்கும் கிழமையில் அந்த வரிசையில் நிற்க நேரக் கூடாது.

காலக்கணக்கு பலருக்குப் புரிவதில்லை, ஓர் உதாரணம் சொல்கிறேன். 2026ஆம் ஆண்டுத் திட்டத்துக்கான பதிவு 2024 ஒக்டோபரில் தொடங்கி நவம்பர் தொடக்கத்தில் முடிந்தது. முடிவு 2025 மே மாதம் வந்தது. வீசா வழங்கும் காலம் 2025 ஒக்டோபர் 1 முதல் 2026 செப்டெம்பர் 30 வரை. முதல் நாள் பதிந்தாலும் கடைசி நாள் பதிந்தாலும் வாய்ப்பு ஒன்றுதான். 2012ஆம் ஆண்டுத் திட்டத்தில், கணினிக் கோளாறால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களில் பதிந்தவர்களே தெரிவாகிவிட்டார்கள் என்பதற்காக, தெரிவானதாக அறிவிக்கப்பட்ட சுமார் 22,000 பேரின் முடிவை இரத்துச் செய்து மறுபடி குலுக்கினார்கள். விழுந்ததா என்பதை நீங்கள்தான் உறுதிப்படுத்தல் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். யாரும் கடிதம் அனுப்ப மாட்டார்கள். "வாழ்த்துகள், பணம் அனுப்புங்கள்" என்று வரும் மின்னஞ்சல் எல்லாம் மோசடி.

வாய்ப்பு எவ்வளவு? 2025ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு உலகம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 2 கோடிப் பதிவுகள். குடும்பத்தினரையும் சேர்த்துத் தெரிவானோர் சுமார் 1 இலட்சத்து 31 ஆயிரம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. தெரிவானவர் தொகைக்கும் வீசாத் தொகைக்கும் உள்ள இடைவெளியையும் கவனியுங்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு வீசா கிடைக்காது என்று தெரிந்தே தெரிவு செய்கிறார்கள். சிலர் தகுதியிழப்பார்கள், சிலர் போகவே மாட்டார்கள், சிலருக்கு முறை வராது. அந்த முறையைத் தீர்மானிப்பது, இணையத்தளத்தில் முடிவைப் பார்க்கும்போது திரையில் வரும் தெரிவுக் கடிதத்தில் உள்ள வழக்கு எண். ஆசிய வலயத்துக்குள் எண் சிறிதாக இருந்தால் நேர்காணல் முன்னதாக வரும். மாதாமாதம் வரும் வீசா அறிக்கையில் எந்த எண் வரை அழைக்கிறார்கள் என்று இருக்கும். எண் மிகப் பெரிதாக இருந்தால் வீட்டில் இனிப்புக் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

விழுந்தால் அடுத்தது டி.எஸ்.-260 என்ற நீண்ட படிவம். அதற்குக் கட்டணம் இல்லை. அது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள நிலையத்தில் பரிசீலிக்கப்பட்டு, முறை வந்ததும் கொள்ளுப்பிட்டி, காலி வீதித் தூதரகத்தில் நேர்காணல். ஆவணங்களில் உங்களைக் காக்க வைக்கப்போவது கணவரின் கட்டார்ப் பொலிஸ் சான்றிதழ். பதினாறு வயதுக்குப் பின் ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அது வேண்டும்; துணையாகச் செல்பவருக்கும் வேண்டும். நாட்டை விட்டு வந்த பிறகு எடுப்பதென்றால் கைரேகை, அத்தாட்சிப்படுத்தல், தூதரக முத்திரை என்று இழுபடும். கட்டாரில் இன்னும் நண்பர்கள் இருந்தால் இப்போதே தொடர்பை விட்டுவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பழைய வதிவிட அட்டையின் பிரதி, பழைய கடவுச்சீட்டு இரண்டையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு இந்தியப் பொலிஸ் சான்றிதழ் தேவைப்படாது. அங்கிருந்து வந்தபோது உங்களுக்கு ஏழு வயது. இலங்கைச் சான்றிதழ் பொலிஸ் தலைமையகத்தில் எடுப்பது, அது சிக்கலில்லை.

செலவைக் கேட்டிருந்தீர்கள். நேர்காணலில் ஆளுக்கு 330 டொலர். வீசா மறுக்கப்பட்டாலும் திரும்பாது. தூதரகம் அங்கீகரித்த வைத்தியரிடம் மருத்துவப் பரிசோதனை, தேவையான தடுப்பூசிகள். (சிறுவயதுத் தடுப்பூசி அட்டை இருந்தால் சில ஊசிகள் மிச்சம்.) வீசா கிடைத்தபின் பச்சை அட்டைக்காக ஆளுக்கு 235 டொலர். மொழிபெயர்ப்பு, சான்றிதழ்ப் பிரதிகள், விமான டிக்கெட். இவற்றுக்கு மேல், அங்கே போய் அரசுக்குப் பாரமாக மாட்டீர்கள் என்று காட்டச் சேமிப்போ அங்கிருக்கும் உறவினரின் ஆதரவுப் பத்திரமோ கேட்கப்படலாம். வேலை வாக்குறுதி கட்டாயமில்லை. தை மாதக் கலியாணத்துக்கு நகைக்கடையில் கொடுக்கவிருக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கச் சொன்னால் உங்கள் அம்மா என்னைத் திட்டுவார், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இந்தத் திட்டம் அமெரிக்க அரசியலின் காற்றுக்கு ஆடுவது. 2020இல் குடிவரவு வீசாக்கள் நிறுத்தப்பட்டபோது, தெரிவான பல ஆயிரம் பேர் நீதிமன்றம் போக வேண்டி வந்தது. 2025 டிசம்பரில், இத்திட்டத்தின்கீழ் குடியேறிய ஒருவர் கொலைச் சந்தேகநபராக அடையாளம் காணப்பட்டதை அடுத்து, திட்டத்தை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. ஆகவே எதையும் தொடங்கும் முன் பதிவு திறந்திருக்கிறதா என்பதை அந்த அலுவல் இணையத்தளத்திலேயே பாருங்கள். நிறுத்தத்தின் நடுவிலும் 'சிறப்பு ஒதுக்கீடு இருக்கிறது' என்று பணம் வாங்கும் ஆட்கள் கொழும்பில் இருப்பார்கள். எந்த ஆண்டானாலும் செப்டெம்பர் 30 தாண்டினால் அந்த ஆண்டின் தெரிவு செல்லாக்காசு. கட்டார்ச் சான்றிதழ் ஒக்டோபர் முதலாம் திகதி வந்து சேர்ந்தால் அது கண்ணாடிச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் உதவும்.

தங்கச்சியின் கேள்வியைப் பார்த்துவிட்டு, இந்தியாவில் பிறந்தால் வழியே இல்லை என்றோ, இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் தகுதியில்லை என்றோ வேறு யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் மலையகத்திலிருந்து கைக்குழந்தைகளாக அனுப்பப்பட்டு இன்று நீலகிரியில் இந்தியக் குடிமக்களாக வாழ்வோர் இலங்கையில் பிறந்தவர்கள். பிறந்த இடத்தின்படி அவர்களுக்குத் தகுதி உண்டு. அவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு, பெற்றோர் அங்கேயே வதிந்தவர்கள் என்பதால், அந்த வழி அடைபடுகிறது.

பச்சை அட்டை வாங்கிக்கொண்டு வெள்ளவத்தையிலேயே இருந்து ஆண்டுக்கொரு தடவை போய்வரலாம் என்ற நினைப்பும் வேண்டாம். அது வதிவிட உரிமை, வதியாவிட்டால் இழப்பீர்கள். மறுநுழைவு அனுமதி இல்லாமல் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் திரும்பி நுழைவதே சிக்கல். குடியுரிமைக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுகள். அம்மா அப்பாவை அழைப்பது அதற்குப் பின்னர்தான். சகோதரங்களை அழைக்க அதற்குப் பிறகும் பதினைந்து ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டிவரும்.

அலுவலகத்தில் எப்போது சொல்வது? பதியும்போது வேண்டாம். விழுந்தபோதும் வேண்டாம். நேர்காணல் அழைப்பு வந்தால் அன்றைக்கு ஒரு நாள் லீவு எடுத்தால் போதும். வீசா ஒட்டிய கடவுச்சீட்டு இருவருக்கும் கைக்கு வந்தபின் இராஜினாமாக் கடிதம் கொடுங்கள். வீசா அதிகபட்சம் ஆறு மாதம் செல்லுபடியாகும். மருத்துவ அறிக்கையின் காலத்தைப் பொறுத்து அது குறையலாம். ஒரு மாத முன்னறிவித்தலுக்கு அது தாராளம். ஊழியர் சேமலாப நிதியை, நிரந்தரமாக வெளிநாடு செல்பவர் என்ற வகையில், தொழில் திணைக்களத்தில் விண்ணப்பித்து மீளப் பெறலாம். நாரஹேன்பிட்டிக்குப் போகும்போது வீசாவின் பிரதியையும் அடையாள அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். அடையாள அட்டையிலும் நிதிக் கணக்கிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் இந்த மாதமே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.